சூட்டிகை ஊர்தியா, பேருந்தா?

மொழிபெயர்ப்பைக் கட்சிப் பணியாக ஏற்றுக்கொண்டவனுக்குச் சொற்களோடு நாள்தோறும் போராட்டம் உண்டு. அண்மையில் என் மேசைக்கு வந்த ஓர் ஆங்கிலக் கட்டுரை, நகரங்களில் எரிசக்தியைச் சிக்கனமாகச் செலவிடும் ‘தனிநபர் நகர்வு’க்கான ‘ஸ்மார்ட்’ தொழில்நுட்பங்களைப் பற்றியது. இந்த ‘ஸ்மார்ட்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குத் தமிழில் எத்தனை வேடங்கள்! நகரத்திற்கு முன்னால் வந்தால் ‘பொலிவுறு’, ‘சீர்மிகு’; கைப்பேசியோடு சேர்ந்தால் ‘திறன்’; கருவிகளுக்குச் ‘சூட்டிகை’. சூட்டிகை என்பது நம் வீடுகளில் துடிப்பும் அறிவுக்கூர்மையும் உள்ள பிள்ளையைக் குறிக்க வழங்கிவந்த சொல். மனிதருக்குரிய பண்பை இன்று சரக்கின் மீது ஏற்றி விற்கிறார்கள்.

அதைவிடக் கவனிக்க வேண்டியது ‘தனிநபர் நகர்வு’ என்ற தொடர். பேருந்தில் நின்றபடி பயணம் செய்யும் கட்டடத் தொழிலாளி தனிநபர் இல்லையா? தலைச்சுமையோடு நடந்து செல்லும் காய்கறி வியாபாரியின் நகர்வு நகர்வு ஆகாதா? அத்தொடரில் ‘தனி’ என்பது பயணம் செய்பவரைக் குறிக்கவில்லை. வண்டியின் உடைமையைக் குறிக்கிறது. வண்டியை விலைக்கு வாங்க வல்லவரே அங்கு ‘நபர்’. மற்றவர்கள் ‘பயணிகள்’, ‘கூட்டம்’, ‘நெரிசல்’. சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் இந்த வர்க்க உள்ளடக்கத்தை வெளிக்கொணர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எதிர்வாதத்தை அதன் வலிமையோடு பார்ப்போம்

நகர்ப்புறப் போக்குவரத்தால் காற்று நஞ்சாகிறது, புவி வெப்பமடைகிறது, பெட்ரோலுக்காக நாடு அந்நியச் செலாவணியை இழக்கிறது. இவை மறுக்க முடியாதவை. மின் ஊர்திகள் பெட்ரோல் ஊர்திகளைவிட எரிசக்தியைச் சிக்கனமாகப் பயன்படுத்துகின்றன என்பதும் உண்மை. இடதுசாரிகள் தொழில்நுட்பத்தின் எதிரிகள் அல்லர். உள்நாட்டுப் போர் முற்றிலும் ஓயாத 1920ஆம் ஆண்டிலேயே நாடு முழுவதையும் மின்மயமாக்கும் கோயல்ரோ திட்டத்தை வகுத்த புரட்சியின் வாரிசுகள் நாம்.

கணக்கையும் நேர்மையாகப் போடுவோம். மின்ஸ்கூட்டர் ஒரு கிலோமீட்டர் ஓட ஏறத்தாழ 0.03 யூனிட் மின்சாரம் போதும். மின்கார் அதே தொலைவுக்கு 0.12 முதல் 0.15 யூனிட் வரை எடுத்துக்கொள்கிறது. 12 மீட்டர் நீளமுள்ள மின்பேருந்துக்கு ஏறத்தாழ 1 முதல் 1.2 யூனிட் வரை தேவை. பேருந்தில் நாற்பது பேர் இருந்தால் ஒருவர் பங்கு 0.03 யூனிட் அல்லது அதற்கும் குறைவு. அதாவது, மின்சாரத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் நாற்பது பேர் ஏறிய பேருந்தும் ஒருவர் ஓட்டும் மின்ஸ்கூட்டரும் ஏறக்குறையச் சமம். தனியொருவர் செல்லும் மின்கார், பேருந்துப் பயணியைவிட நான்கு மடங்குக்குக் குறையாமல் மின்சாரத்தை விழுங்குகிறது.

‘பார்த்தீர்களா, ஸ்கூட்டரும் பேருந்தும் சமம்தானே?’ என்று நண்பர்கள் கேட்கலாம். யூனிட் கணக்கோடு அந்தச் சமத்துவம் முடிந்துவிடுகிறது. எழுபது வயது மூதாட்டி ஸ்கூட்டர் ஓட்ட முடியாது. பார்வையற்றவரும் பள்ளிச் சிறுமியும் ஓட்ட முடியாது. லட்சம் ரூபாயைப் புரட்ட முடியாதவர் வாங்க முடியாது. நாற்பது ஸ்கூட்டர்களுக்கு நாற்பது பேட்டரிகள் வேண்டும். நிறுத்த நாற்பது இடங்கள் வேண்டும். நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்தே வருகிறது என்பதையும் மறக்கலாகாது. வண்டியின் புகைக்குழாய் மறைந்த மாத்திரத்தில் புகை மறைந்துவிடுவதில்லை. அனல்மின் நிலையத்தின் அருகே வாழும் ஏழைகளின் நுரையீரலுக்கு இடம் மாறுகிறது.

அரசின் பணம் எவர் பக்கம் ஓடியது?

ஒன்றிய அரசு 2019 ஏப்ரலில் 10,000 கோடி ரூபாயில் ‘ஃபேம்’ திட்டத்தின் இரண்டாம் கட்டத்தைத் தொடங்கியது. 2021 ஜூனில் மின் இருசக்கர வண்டிகளுக்கான மானியம் பேட்டரித் திறனில் ஒரு கிலோவாட் மணிக்கு 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வண்டி விலையில் 40 விழுக்காடு வரை வழங்கலாம் என்பது வரம்பு. மூன்று கிலோவாட் மணி பேட்டரி கொண்ட ஒரு ஸ்கூட்டருக்கு 45,000 ரூபாய் பொதுப்பணம். 2023 ஜூனில்தான் இது குறைக்கப்பட்டது.

இதே காலத்தில் சாதாரண மிதிவண்டிக்கு என்ன கிடைத்தது? வரி கிடைத்தது. 2019 ஆகஸ்ட் 1 முதல் மின் ஊர்திகளுக்கான ஜிஎஸ்டி 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அரைக் கோடி ரூபாய் மதிப்புள்ள சொகுசு மின்காருக்கும் அதே 5 விழுக்காடுதான். ஆனால் ஒரு யூனிட் மின்சாரமும் கேட்காத, ஒரு சொட்டு எண்ணெயும் குடிக்காத மிதிவண்டிக்கு 12 விழுக்காடு! 2025 செப்டம்பர் 22 அன்றுதான் அது 5 விழுக்காடாகக் குறைந்தது. எரிசக்திச் சிக்கனமே உண்மையான நோக்கமாக இருந்திருந்தால், உலகிலேயே மிகச் சிக்கனமான ஊர்தியின் மீது ஆறு ஆண்டுக் காலம் இந்த அநீதி நீடித்திருக்குமா? நோக்கம் வேறு. ஊர்தி உற்பத்தியாளர்களுக்குச் சந்தை தேவைப்பட்டது. அரசு அதை உருவாக்கித் தந்தது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, வேளாண்மைக்கும் வீட்டுத் தொழிலுக்கும் வெளியே வேலை செய்வோர் எவ்வாறு பணியிடம் செல்கிறார்கள் என்று கேட்டது. நடந்தும் மிதிவண்டியிலும் செல்வோர் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். கார், ஜீப், வேனில் செல்வோர் நூற்றுக்கு மூன்று பேருக்கும் குறைவு. உழைக்கும் மக்கள் ஏற்கெனவே எரிசக்தியைச் சிக்கனம் செய்துகொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு நடைபாதை இல்லை, நிழல் இல்லை, பாதுகாப்பாகச் சாலையைக் கடக்க வழி இல்லை.

மைசூரு கற்பிக்கும் பாடம்

நூறு நகரங்களின் ‘ஸ்மார்ட் சிட்டி’ப் பட்டியலில் மைசூருவுக்கு இடம் கிடைக்கவில்லை. எனினும், அந்தப் பட்டம் இல்லாமலேயே இந்நகரம் இரண்டு செயல்களைச் செய்தது. 2012இல் கர்நாடக அரசுப் போக்குவரத்துக் கழகம் இங்குள்ள நகரப் பேருந்துகளில் இருப்பிடம் அறியும் கருவிகளைப் பொருத்தி, அடுத்த பேருந்து எப்போது வரும் என்பதை நிறுத்தங்களில் பயணிகளுக்கு அறிவிக்கும் ஏற்பாட்டைத் தொடங்கியது. 2017 ஜூனில் ‘ட்ரின் ட்ரின்’ என்ற பொது மிதிவண்டித் திட்டம் 450 மிதிவண்டிகளோடும் 48 நிலையங்களோடும் வந்தது. உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் உதவி அதற்கு இருந்தது. அட்டையைக் காட்டி வண்டியை எடுத்து, வேறொரு நிலையத்தில் விட்டுவிட முடிந்தது.

இரண்டிலும் மின்னணுத் தொழில்நுட்பம் உண்டு. ஆயினும் இரண்டுக்கும் அடிப்படை, பேருந்துக் கழகமும் மாநகராட்சியும் பொறுப்பேற்றதே. மறுபுறம், கோயம்புத்தூர் உள்ளிட்ட இந்திய நகரங்களில் மஞ்சள் மிதிவண்டிகளை இறக்கிய ஓஃபோ நிறுவனம், முதலீட்டு நிதி வற்றியதும் 2018இல் நாட்டை விட்டே வெளியேறியது. அதே சீனத்தின் ஹாங்சோ நகரில் 2008இல் அரசு நிறுவனம் தொடங்கிய பொது மிதிவண்டிச் சேவையோ, முதல் ஒரு மணி நேரத்திற்குக் கட்டணம் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் நிலைத்தது. ஷென்சென் நகரம் 2017 இறுதிக்குள் தன் 16,000க்கும் மேற்பட்ட பேருந்துகள் அனைத்தையும் மின்பேருந்துகளாக மாற்றியது. கருவி ஒன்றுதான், அது இலாபத்தின் கையில் இருக்கிறதா, பொதுத் திட்டத்தின் கையில் இருக்கிறதா என்பதைப் பொறுத்தே அதன் ஆயுள் அமைகிறது.

அமெரிக்காவில் 2001இல் ‘செக்வே’ என்ற இருசக்கரக் கருவி வெளிவந்தபோது, நகரங்களின் அமைப்பையே அது மாற்றிவிடும் என்று முழங்கினார்கள். 2020இல் அதன் உற்பத்தி நின்றது. நகரங்கள் மாறவில்லை.

ஒரு துண்டுச் சீட்டின் வலிமை

2023 ஜூன் 11 அன்று கர்நாடகத்தில் ‘சக்தி’ திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டில் 2021 மே முதலே நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் உண்டு. இவற்றில் எந்தச் சூட்டிகையும் இல்லை. நடத்துநர் கிழித்துத் தரும் கட்டணமில்லாச் சீட்டு, அவ்வளவே. ஆனால் வீட்டு ஆண்களிடம் காசுக்குக் கையேந்தாமல் வேலைக்கும் மருத்துவமனைக்கும் தாய்வீட்டிற்கும் போக முடிந்த பெண்களைக் கேளுங்கள். எந்தத் தொழில்நுட்பம் தம்மை நகரச் செய்தது என்று அவர்கள் சொல்வார்கள். அது அரசியல் முடிவு என்னும் தொழில்நுட்பம். அத்திட்டங்களின் குறை வேறு இடத்தில் இருக்கிறது. பயணிகள் பெருகிய அளவுக்குப் பேருந்துகளும் தொழிலாளர்களும் பெருகவில்லை.

இங்குதான் புதிய பொறியும் வைக்கப்படுகிறது. ‘ஃபேம்’ இரண்டாம் கட்டத்தின் பேருந்து மானியம், தனியார் நிறுவனம் பேருந்தைச் சொந்தமாக வைத்து, கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று போக்குவரத்துக் கழகத்திடம் வசூலிக்கும் ஒப்பந்த முறைக்கே வழங்கப்பட்டது. 2023 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட 10,000 மின்பேருந்துகளுக்கான ஒன்றிய அரசுத் திட்டமும் அரசு-தனியார் கூட்டு முறையிலானதே. சென்னையில் 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து ஓடத் தொடங்கிய 120 மின்பேருந்துகளில் நடத்துநர் கழகத்தின் ஊழியர். ஓட்டுநரோ ஒப்பந்த நிறுவனத்தின் ஆள். ஒரே பேருந்து, இரண்டு முதலாளிகள், இரண்டு ஊதியங்கள். பசுமை என்ற பெயரில் நிரந்தர வேலை கரைக்கப்படுகிறது.

நகரத்தின் எல்லை எங்கே முடிகிறது?

நான் எழுதுவது மார்டள்ளியிலிருந்து. மாதேஸ்வரன் மலைப் பகுதியில், தமிழ் பேசும் மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். 1997இல் சாமராஜநகர் தனி மாவட்டமாகும் வரை நாங்கள் மைசூரு மாவட்டத்தினர். இன்றும் பெரிய மருத்துவம், மேற்படிப்பு, கட்டட வேலை என்றால் மைசூருவைத்தான் நம்பியிருக்கிறோம். இடையில் நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு.

2018 டிசம்பர் 14 அன்று எங்களை அடுத்த சுள்வாடி மாரம்மன் கோயிலில் நஞ்சு கலந்த பிரசாதத்தை உண்டு 17 பேர் மாண்டதை நாடே அறியும். அச்சாவுகளுக்குக் காரணம் நஞ்சும் அதைக் கலந்தவர்களுமே. ஆனால் பாதிக்கப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்டோரைக் காமகெரேக்கும் கொள்ளேகாலுக்கும், பிறகு மைசூருவுக்கும் கொண்டுசென்ற அந்த இரவில், ‘நகர்வு’ என்ற சொல்லுக்கு இந்த மலையடிவாரத்தில் என்ன பொருள் என்பது விளங்கியது. நகரத்திற்குள் மூன்று கிலோமீட்டரை எப்படி இனிமையாகக் கடப்பது என்ற கேள்வி எங்களுடையது அன்று. கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு? அது நிரம்பிவிட்டால் என்ன செய்வது? இக்கேள்விகளே இங்கு ஒரு பெண்ணின் படிப்பையும் ஒரு நோயாளியின் சிகிச்சையையும் தீர்மானிக்கின்றன. நகரத்தைக் கட்டுபவர்கள் நகரத்திற்கு வெளியே வாழ்கிறார்கள். அவர்கள் வந்துபோகும் வழியைக் கணக்கில் கொள்ளாத எந்த நகர்வுத் திட்டமும் அரைத் திட்டமே.

பெங்களூருவுக்குப் போகும் இளைஞர்களுக்கு வேறு கதை. அங்கு உணவு விநியோகத்திற்கான மின்ஸ்கூட்டரைத் தொழிலாளியே கடனில் வாங்குகிறார் அல்லது நாள் வாடகைக்கு எடுக்கிறார். உற்பத்திச் சாதனத்தின் செலவும் தேய்மானமும் தொழிலாளியின் தலையில். இலாபம் செயலியின் கையில். எரிசக்திச் சிக்கனம் முதலாளிக்கு. மனித சக்தியின் விரயம் தொழிலாளிக்கு. இணையத் தளத் தொழிலாளர்களுக்காகக் கர்நாடகம் 2025இல் இயற்றிய சட்டம், ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் 1 முதல் 5 விழுக்காடு வரை நல நிதி பிடிக்க வழிசெய்கிறது. அது ஒரு தொடக்கமே. வண்டியின் செலவை நிறுவனம் ஏற்க வேண்டும் என்ற கோரிக்கை இன்னும் மிச்சமிருக்கிறது.

நம் முன் உள்ள பணி

நமது அணிகளிலும் ஒரு குறை உண்டு; சொல்லாமல் விடலாகாது. சுற்றுச்சூழல் என்றதும் ‘நடுத்தர வர்க்கத்தின் பொழுதுபோக்கு’ என்று ஒதுக்கிவிடும் மனப்பான்மை சில தோழர்களிடம் இருக்கிறது. நச்சுக்காற்றை அதிகம் சுவாசிப்பவர் சாலையோரத் தொழிலாளி. வெப்பத்தில் முதலில் சுருண்டு விழுபவரும் அவரே. இந்தக் களத்தை நாம் காலியாக விட்டால், மூலதனம் தன் சரக்கோடு வந்து அமர்ந்துகொள்ளும்.

மின்பேருந்து வேண்டாம் என்பது நம் முழக்கம் ஆகாது. பேருந்தும் பணிமனையும் ஓட்டுநரும் போக்குவரத்துக் கழகத்திற்கே உரியவையாக இருக்கட்டும் என்று கேட்போம். பேருந்தின் இருப்பிடம் அறியும் கருவி நகர நிறுத்தத்தோடு நின்றுவிடாமல் மலையடிவாரத்துக் கிராம நிறுத்தத்திலும் நேரத்தைச் சொல்லட்டும். சாதாரண மிதிவண்டிக்கு வரியே வேண்டாம். தனி ஊர்திக்குப் போகும் மானியம் பேருந்துக்குத் திரும்பட்டும். கட்டணமில்லாப் பயணத்திற்கு ஈடாகப் புதிய பேருந்துகளும் நிரந்தரப் பணியிடங்களும் வரட்டும்.

ஒவ்வொரு கிளையும் தன் பகுதியில் ஒரு பேருந்து நிறுத்தத்தைத் தேர்ந்து, ஒரு வாரம் காலையும் மாலையும் அங்கு நின்று கணக்கெடுக்கலாம். எத்தனை பேர் காத்திருந்தார்கள், எவ்வளவு நேரம், எத்தனை பேருந்துகள் நிற்காமல் போயின, இடமின்றித் திரும்பியவர் எவர்? அந்தத் தாளோடு பணிமனை மேலாளரைச் சந்திப்போம். மக்களையும் அழைத்துச் செல்வோம். தோழர்களே, மனிதரிடமிருந்து பிடுங்கிச் சரக்கின் மீது ஒட்டப்பட்ட ‘சூட்டிகை’ என்ற சொல்லை, அந்த நிறுத்தத்தில் கூடி நிற்கும் மக்களுக்கே மீட்டுத் தருவோம்.