வேலி தாண்டும் குதிரை: தப்பு யாருடையது?

ஊட்டிக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். சவாரி நேரம் முடிந்து அவிழ்த்துவிடப்பட்ட குதிரை நடுரோட்டில் நிற்கும். இல்லையென்றால் குப்பைத் தொட்டிக்குள் தலையை விட்டிருக்கும். 'பிடிச்சு அடைச்சா வேலை முடிஞ்சது' என்பதுதான் பலருடைய பதில். உண்மையில் முடிந்துவிடுமா?

குதிரை ஏன் வெளியேறுகிறது?

முதல் காரணம், பசி. குதிரையின் இரைப்பை சிறியது. ஆனால், அமிலம் நாள் முழுக்கச் சுரக்கும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக மேய்ந்துகொண்டே இருக்க வேண்டும். 300 கிலோ எடையுள்ள குதிரைக்குத் தினமும் சுமார் 6 கிலோ உலர் தீவனம் தேவை. இரண்டாவது, தனிமை. கூட்டமாக வாழும் விலங்கு அது; துணை இல்லாவிட்டால் நிலைகொள்ளாது.

இந்த இரண்டையும் கொடுக்காமல் வேலியை மட்டும் உயர்த்தினால், குதிரை வேறு வழி தேடும். முள்கம்பி போட்டால் காலைக் கிழித்துக்கொள்ளும்.

அபராதம் போதுமா?

1871-ம் ஆண்டு கால்நடை அத்துமீறல் சட்டமே குதிரையையும் கால்நடைப் பட்டியலில் சேர்த்திருந்தது. பிடிப்பது, பட்டியில் அடைப்பது, பணம் கட்டி மீட்பது எல்லாம் பழைய கதைதான். ஆனால், மீட்ட குதிரை அதே பசியோடு அதே இடத்துக்குத்தான் திரும்புகிறது.

லாயமும் தீவனமும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே சவாரிக்கு அனுமதி தர வேண்டும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. விழுங்கிய பிளாஸ்டிக் குடலை அடைத்தால் உயிரே போகலாம். இருட்டில் பைக்கில் வருபவருக்கும் அதே ஆபத்துதான். பகலில் சம்பாதித்துக் கொடுக்கும் குதிரைக்கு ராத்திரிச் சாப்பாடு போடுவது தர்மம் இல்லை, கடமை.