சில்க் ஸ்மிதாவைக் காட்டிப் பயமுறுத்தாதீர்கள்

தென்காசியில் குற்றால சீசன் நேரத்தில் நடந்த ஒரு பட்டிமன்றம். பேச வந்த பேராசிரியர் ஒருவர் நடிகை சில்க் ஸ்மிதாவை மேடைக்கு இழுத்தார். உடம்பைக் காட்டிப் பிழைத்தவர், விரும்பித்தான் வந்தார், காசும் புகழும் வாங்கிக்கொண்டார், கடைசியில் அதற்கு விலையும் கொடுத்தார் என்றார். அருவிக்கரையில் ரீல்ஸ் எடுக்கும் பெண்களுக்கும், ஜவுளிக்கடை விளம்பரத்துக்கு மாடலாக நிற்கும் பெண்களுக்கும் அதே கதிதான் என்றார். இந்தக் கவர்ச்சியெல்லாம் நம் மண்ணுக்கே கிடையாது என்றும் அடித்துச் சொன்னார். பலத்த கைதட்டல். பேச்சைவிட அந்தக் கைதட்டல்தான் எனக்கு ஆறவில்லை.

மண்ணிலிருந்தே தொடங்குகிறேன். அவர் பேசிய மேடைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது மேலகரம். அந்த ஊர்த் திரிகூடராசப்பக் கவிராயர் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாடியது குற்றாலக் குறவஞ்சி. அதன் நாயகி வசந்தவல்லி பந்தாட வருகிறாள். கூந்தலில் தொடங்கி அவள் அழகை ஒவ்வோர் உறுப்பாக வர்ணித்துக்கொண்டே போகிறார் கவிராயர். பந்தடிக்கையில் அவள் உடல் துள்ளுவதும் துவள்வதும் சந்தத்திலேயே தெரியும். குற்றாலநாதர் சந்நிதியில் அரங்கேறிய நூல் அது. மதுரை மன்னர் முத்து விஜயரங்க சொக்கநாதர் அதற்காகக் கவிராயருக்கு நிலம் கொடுத்தார். குறவஞ்சி மேடு என்று அந்த நிலத்துக்குப் பெயர். 1944-ல் ருக்மிணி தேவி இந்தக் குறவஞ்சியைக் கலாக்ஷேத்திராவில் நாட்டிய நாடகமாக்கினார். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை, தமிழுக்குப் பெருமைதான். ஆனால் வசந்தவல்லியாகக் கோயிலில் ஆடிய அந்தக் காலத்துப் பெண்களில் ஒருவர் பெயரையாவது பேராசிரியர் வகுப்பில் சொல்லியிருப்பாரா? பாடியவருக்கு நிலம், கொடுத்தவருக்குப் புகழ், ஆடியவளுக்குப் பெயர்கூட மிஞ்சவில்லை. இந்த வழக்கம் நம் மண்ணுக்கு நன்றாகவே தெரியும்.

அடுத்தது, விரும்பி வந்தார் என்பது. ஏலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் 1960-ல் பிறந்த விஜயலட்சுமிதான் பின்னாளில் சில்க் ஸ்மிதா. நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். சின்ன வயதிலேயே கட்டிக்கொடுத்துவிட்டார்கள். அந்த வாழ்க்கை தாங்காமல் சென்னைக்கு வந்து நடிகைகளுக்கு டச்சப் செய்தார். 1980-ல் வினுசக்கரவர்த்தி கதையில் வந்த 'வண்டிச்சக்கரம்' அவருக்கு 'சில்க்' என்ற பெயரைக் கொடுத்தது. கதாபாத்திரத்தின் பெயர் அது. சாகும்வரை அவரை விடவில்லை. குணச்சித்திர நடிகையாக வேண்டும் என்பதுதான் தன் ஆசை என்று பேட்டியில் சொன்னவர் அவர். வெறும் ஆசையும் இல்லை. 1981-ல் பாரதிராஜாவின் 'அலைகள் ஓய்வதில்லை'யில் தியாகராஜனின் மனைவியாக வருவாரே, அதை இன்றைக்குப் போட்டுப் பாருங்கள். கவர்ச்சி துளிகூடக் கிடையாது. வசனத்தைவிடக் கண்களே அதிகம் பேசும். அந்த வேடத்தைப் பார்த்த பிறகும் தயாரிப்பாளர்கள் அவரிடம் போய்க் கேட்டது என்ன? ஒரு பாட்டு. சில்க் பாட்டு ஒன்று இருந்தால்தான் ஏரியா விற்கும் என்று விநியோகஸ்தர்கள் நின்றார்கள். விலைபோகாமல் பெட்டியில் தூங்கிய படங்கள் அவர் ஆடிய ஒரு பாட்டைச் சேர்த்ததும் தியேட்டருக்கு வந்தன. 1982-ல் வந்த 'மூன்றாம் பிறை' கமல்ஹாசனுக்கும் பாலு மகேந்திராவுக்கும் தேசிய விருது வாங்கித் தந்தது. அதிலும் அவர் இருக்கிறார். அந்தப் படத்தைக் கலை என்று கொண்டாடுகிறவர்கள், அதே படத்தில் ஆடியவரை மட்டும் தனியாகப் பிரித்துக் கழிசடை என்கிறார்கள்.

எங்கள் பக்கத்துச் சுவர்களில் ஒட்டிய போஸ்டர்கள் எனக்கு நினைவிருக்கின்றன. படத்தில் அவர் வருவது ஒரு பாட்டுக்கு. போஸ்டரில் கதாநாயகியைவிடப் பெரிதாக நிற்பார். தரை டிக்கெட் எடுத்தவர் முதல் ஊர்ப் பெரியவர் வரைக்கும் அந்தப் பாட்டு வரும்வரை காத்திருந்தார்கள். பார்த்தவர்கள் வீட்டுக்குப் போய்க் கௌரவமாகக் குடும்பம் நடத்தினார்கள். ஆடியவருக்கு மட்டும் அது ஆயுள் முழுக்க ஒட்டிக்கொண்டது. அந்தப் பாட்டுகளில் கேமரா போன போக்கை நான் நியாயப்படுத்தவில்லை, அசிங்கம்தான். கேமராவைப் பிடித்தவர் அவர் இல்லை, எங்கே வெட்ட வேண்டும், எங்கே ஒட்ட வேண்டும் என்று முடிவு செய்தவரும் அவர் இல்லை. தமிழில் பல படங்களில் அவர் வாயிலிருந்து வந்த குரல்கூட வேறொருவருடையது.

காட்டினால் பார்க்கத்தான் செய்வார்கள் என்பது பேராசிரியரின் இன்னொரு வாதம். குற்றாலத்துக்காரர் யாரும் இதைச் சொல்லக் கூடாது. மெயின் அருவியில் ஆண்கள் ஜட்டியோடு குளித்து, அப்படியே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கடைத்தெருவில் வருகிறார்கள். பண்பாடு கெட்டுவிட்டது என்று எந்தப் பட்டிமன்றமும் கூடியதில்லை. பெண்கள் சேலையோ சுடிதாரோ உடுத்தியபடியே, தங்களுக்கென்று விட்ட பகுதியில்தான் குளிக்கிறார்கள். நனைந்த துணியை இழுத்து மூடிக்கொண்டு, ஒரு கையால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு, படியேறி வரும் அந்தப் பெண்ணை நோக்கித்தான் செல்போன்கள் தூக்கப்படுகின்றன. அவள் எதைக் காட்டினாள்? ரீல்ஸ் போடும் பெண்ணை மிரட்டுகிறவர், அந்தச் செல்போனைப் பிடித்த கையைப் பற்றி அன்று ஒரு வார்த்தை பேசவில்லை.

எனக்கு மிகவும் கோபம் வந்தது பேராசிரியர் சில்க்கின் சாவைத் தொட்டபோதுதான். 1996 செப்டம்பர் 23 அன்று சென்னை வீட்டில் அவர் இறந்துகிடந்தார். வயது 35. சொந்தமாகப் படம் எடுத்து நஷ்டப்பட்டிருந்தார், தனிமையில் இருந்தார். கவர்ச்சியாக ஆடாத எத்தனையோ பேரையும் கடனும் தனிமையும் கொண்டுபோயிருக்கின்றன. அவர்களைத் தண்டனை பெற்றவர்கள் என்று நாம் சொல்வதில்லை. ஒரு மனுஷியின் சாவை, பெண் பிள்ளைகளை அடக்கும் பிரம்பாக எடுத்து மேடையில் சுழற்றுவது குரூரம். செத்த பிறகும் சினிமா அவரை விடவில்லை. அவர் வாழ்க்கையின் சாயலில் 2011-ல் வந்த 'தி டர்ட்டி பிக்சர்' வித்யா பாலனுக்குத் தேசிய விருது தந்தது. 2023-ல் 'மார்க் ஆண்டனி'யில் அவர் சாயலில் ஒருவரை நிறுத்தியதும் தியேட்டர் விசிலடித்தது.

பேராசிரியர் ஐயா, அன்று நீங்கள் பேசிய நேரம் முழுக்க ஒரு பெண்ணின் பெயரைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். அந்தப் பாட்டுகளை எடுக்கச் சொன்ன தயாரிப்பாளர்கள், ஏரியா பேசிய விநியோகஸ்தர்கள், ஆடச் சொல்லிக்கொடுத்த மாஸ்டர்கள், சென்சாரில் உட்கார்ந்து அனுமதித்தவர்கள், இவர்களில் ஒருவர் பெயரையும் நீங்கள் சொல்லவில்லை. உங்கள் பேச்சுக்குக் கைதட்டிய வரிசையில், அந்தப் பாட்டுக்கும் அன்று விசிலடித்த வயதுக்காரர்கள் நிறையப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்து ஏன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை?