மூன்று கப்பல், ஒரே பெயர்!

"அவன் பெரிய எம்டன்!"

யாருக்கும் பிடிபடாத கெட்டிக்காரனை இப்படிச் சொல்வது தமிழ்நாட்டு வழக்கம். ஆனால், எம்டன் என்பது ஆளின் பெயர் அல்ல. ஓர் ஊரின் பெயர்.

ஜெர்மனியின் வடமேற்கு மூலையில், எம்ஸ் ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் இருக்கிறது அந்தத் துறைமுகப் பட்டினம். ஜெர்மன் கடற்படை, அந்த ஊரின் பெயரை மூன்று 'குரூசர்' கப்பல்களுக்குச் சூட்டியது. குரூசர் என்றால், வேகமாகவும் நெடுந்தூரமும் செல்லக்கூடிய போர்க்கப்பல்.

சென்னைக்கு வந்தது

முதல் எம்டன், 1908-ம் ஆண்டு கடலில் இறக்கப்பட்டது. எம்டன் நகர மேயரே அதற்குப் பெயர் சூட்டினார். அதில் 10 பெரிய பீரங்கிகள் இருந்தன.

1914 செப்டம்பர் 22. இரவு நேரம். அந்தக் கப்பல் சென்னைக் கடலுக்கு வந்தது. கேப்டன் வான் முல்லர் உத்தரவிட்டார். பீரங்கிகள் முழங்கின. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பிடித்து எரிந்தன. உயிர்ச் சேதமும் ஏற்பட்டது. தாக்குதல் நடந்தது அரை மணி நேரந்தான். ஆனால், பயந்துபோன மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் ஊரைவிட்டு ஓடினார்கள்.

அதே ஆண்டு நவம்பர் 9-ந் தேதி, கோகோஸ் தீவின் அருகே எம்டன் சிக்கியது. அதை வீழ்த்திய ஆஸ்திரேலியக் கப்பலின் பெயர் என்ன தெரியுமா? 'சிட்னி'! அதுவும் ஊர்ப் பெயர் தாங்கிய குரூசர்தான். எம்டன் மாலுமிகள் 130 பேருக்கு மேல் மாண்டனர்.

தம்பிகள் இருவர்

இரண்டாவது எம்டன் 1916-ல் கடலில் இறங்கியது. முதல் உலகப்போரில் ஜெர்மனி தோற்றதும், அது பிரிட்டனின் காவலில் ஸ்காபா புளோ என்ற இடத்தில் நிறுத்தப்பட்டது. 1919-ல் ஜெர்மன் மாலுமிகளே தங்கள் கப்பல்களை மூழ்கடிக்க முயன்றபோது, அது கரை தட்டியது. பிறகு உடைக்கப்பட்டது.

மூன்றாவது எம்டன் 1925-ல் வந்தது. இளம் மாலுமிகளுக்குப் பயிற்சி அளித்த கப்பல் அது. 1945-ல் குண்டுவீச்சில் சேதமடைந்தது. எதிரியிடம் சிக்காதிருக்க, ஜெர்மானியரே அதை வெடிவைத்துத் தகர்த்தனர்.

எரிந்தது ஊர்

கப்பல்களின் கதி இப்படி. ஊரின் கதி என்ன?

1944 செப்டம்பர் 6-ந் தேதி, எம்டன் நகரின் மீது விமானங்கள் குண்டு மாரி பொழிந்தன. நகரின் நடுப்பகுதி பெரும்பாலும் எரிந்து நாசமாயிற்று. சென்னையில் தீ மூட்டிய கப்பலுக்குப் பெயர் கொடுத்த ஊர், 30 ஆண்டுகளுக்குள் தானே தீக்கு இரையானது.

சென்னையை எரிக்க வேண்டும் என்று எம்டன் நகர மக்கள் கேட்கவில்லை. அவர்களுடைய வீடுகளை எரிக்கச் சொல்லிச் சென்னை மக்களும் கேட்கவில்லை. போருக்கு உத்தரவிட்டவர்கள் எங்கோ இருந்தார்கள். ஓடியவர்கள், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்ட தாய்மார்கள்.

சென்னை ஐகோர்ட்டு வளாகத்தில், எம்டன் குண்டு விழுந்ததைச் சொல்லும் கல் இருக்கிறது. அதைக் குழந்தைகளுக்குக் காட்டும் பெற்றோர், கப்பலின் சாமர்த்தியத்தை மட்டும் சொன்னால் போதாது. எரிந்துபோன அந்த ஊரின் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.