புறம்போக்குத் தொகுதி

தலைநகர் டில்லியில் 2008 வரைக்கும் ஒரு நாடாளுமன்றத் தொகுதி இருந்தது. பெயர் 'வெளி டில்லி'. இந்தியில் பாஹரி தில்லி. நம்ம ஊர்ப் பேச்சில் சொன்னால் புறச்சேரி. கோட்டையும் மாளிகையும் கடைத்தெருவும் அமைச்சர் பங்களாக்களும் போக மிச்சம் கிடந்ததையெல்லாம் சுற்றி ஒரு கோடு போட்டுத் தொகுதி என்றார்கள். உள்ளே ஜாட், குஜ்ஜார் கிராமங்கள், அந்தக் கிராமங்களின் சேரிகள். பிற்பாடு நகரம் தனக்கு வேண்டாதவர்களைக் கொண்டுபோய்க் கொட்டிய குடியிருப்புகள்.

நாடாளுமன்ற மறுசீரமைப்பு என்ற பேச்சு மறுபடி சூடாகியிருக்கிற நேரத்தில், இல்லாமல் போன ஒரு தொகுதியின் கதை எதற்கு என்று தோழர்கள் கேட்கலாம். கோடு போடுகிறவன் கை யாருடையது என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

1952 முதல் தேர்தலில் வெளி டில்லி இரட்டை உறுப்பினர் தொகுதி. பூனா ஒப்பந்தம் தனி வாக்காளர் தொகுதியை நம்மிடமிருந்து பிடுங்கிக்கொண்டு பதிலுக்குக் கொடுத்த கூட்டுத் தொகுதி முறையின் ஒரு வடிவம் இது. ஒரே தொகுதி, இரண்டு இடங்கள், வாக்காளருக்கு இரண்டு ஓட்டு. ஓர் இடம் தாழ்த்தப்பட்டோருக்கு. வெளி டில்லியில் காங்கிரஸ்காரர் இருவர் ஜெயித்தார்கள். தண்டி யாத்திரையில் நடந்த மலையாளி சி.கிருஷ்ணன் நாயர் ஒருவர், தலித்தான நவல் பிரபாகர் இன்னொருவர். 1957லும் அவர்கள்தான்.

அண்ணல் அம்பேத்கர் 1952இல் வடக்கு பம்பாயில் நின்று தோற்றதும் இப்படி ஓர் இரட்டைத் தொகுதியில்தான். காங்கிரஸ் நிறுத்திய கஜ்ரோல்கரிடம் பதினாலாயிரத்துச் சொச்சம் ஓட்டில் தோற்றார். அரசியல் சட்டம் எழுதியவரை வேண்டாமென்று, சொன்னபடி கேட்கிற ஒரு தலித்தைத் தேர்ந்தெடுக்கப் பொதுச்சமூகத்துக்கு அந்த முறை வசதியாக இருந்தது. அதனால் இரட்டைத் தொகுதியை நான் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அதில் ஒரு ஓட்டை இருந்தது. நமக்குச் சாதகமான ஓட்டை. ஒதுக்கீட்டு இடத்தை ஒரு தலித் எடுத்த பிறகும், இன்னொரு தலித் பொது வேட்பாளரைவிட அதிக ஓட்டு வாங்கிவிட்டால் பொது இடமும் அவருக்கே.

1957இல் ஆந்திராவின் பார்வதிபுரத்தில் அது நடந்தே விட்டது. பழங்குடியினர் இரண்டு பேர் இரண்டு இடங்களையும் பிடித்தார்கள். தோற்றவர் பிற்பாடு குடியரசுத் தலைவரான வி.வி.கிரி. நீதிமன்றம் போனார். உச்சநீதிமன்றமும் 1959இல் பழங்குடியினர் ஜெயித்தது செல்லும் என்றது. 1961இல் இரட்டை உறுப்பினர் தொகுதிகளை ஒழிக்கச் சட்டம் வந்துவிட்டது! நிர்வாகச் சிக்கல், தொகுதி ரொம்பப் பெரிசு என்று எத்தனையோ காரணம் சொன்னார்கள். அதிலும் உண்மை இல்லாமலில்லை. ஆனாலும் விதிப்படி ஆடி நாம் ஜெயித்ததும் ஆட்டத்தையே மாற்றுகிற இந்தப் பழக்கம் நமக்குப் புதுசா என்ன?

1962இல் வெளி டில்லி உடைந்தது. ஒதுக்கீட்டு இடம் நகரத்துக்குள் கரோல்பாக் என்று தனித்தொகுதியானது. நவல் பிரபாகர் அங்கே போனார். வெளி டில்லி பொதுத்தொகுதியாகி, டில்லியின் முதல் முதலமைச்சராயிருந்த சௌத்ரி பிரம்பிரகாஷுக்குப் போயிற்று. ஆக, ஆதிக்க சாதி நிலக்காரன் கண்ணெதிரில் அன்றாடம் கூலி வேலை பார்த்த கிராமத்துத் தலித்துக்கு, அவன் ஓட்டுக் கேட்டு வரும் தலித் வேட்பாளர் இல்லாமல் போனார்.

அதன் விலை எழுபதுகளில் தெரிந்தது. கஞ்சாவாலா கிராமத்தில் ஊர்ப் பொது மேய்ச்சல் நிலத்தில் சுமார் 120 ஏக்கரை நிலமற்ற தலித் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். 1978இல் ஜாட் நிலவுடைமையாளர்கள் கிளர்ச்சியில் இறங்கினார்கள். மாட்டுக்கு மேய்ச்சல் போச்சாம். மாடு மேய்ந்த நிலத்தில் மனுஷன் ஏர் பூட்டினால் பொறுக்காது. பஞ்சமி நிலத்துக்காக 1994இல் காரணையில் ஜான் தாமஸையும் ஏழுமலையையும் பறிகொடுத்த நமக்குக் கஞ்சாவாலாவை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இடையில் அவசரநிலை. 1975-77இல் டில்லியின் குடிசைகளை இடித்து ஏறக்குறைய ஏழு லட்சம் பேரை லாரியில் ஏற்றினார்கள். ஆளுக்கு 25 சதுர கஜம் மனை. கருத்தடைச் சீட்டைக் காட்டி மனை வாங்கியவர்களும் உண்டு. மங்கோல்புரி, சுல்தான்புரி, நாங்லோய் எல்லாம் இப்படி வளர்ந்த பகுதிகள்தான். எல்லாம் வெளி டில்லிக்குள். 25 சதுர கஜம் என்றால் எவ்வளவு என்று எங்கள் கிளையில் கேஷ் கவுண்டரைச் சுற்றி நடந்து அளந்து பார்த்தேன். கம்பி போட்ட கவுண்டரும் நாங்கள் நாலு பேர் உட்காரும் மேசைகளும் அடங்கும். அவ்வளவுதான் ஒரு குடும்பத்துக்கு.

இப்போது சொல்லக் கஷ்டமான இடத்துக்கு வருகிறேன்.

1984 நவம்பர் 1 முதல் டில்லியில் சீக்கியர்கள் கொல்லப்பட்டார்கள். அரசாங்கக் கணக்கே 2,733 பேர். செத்தவர்களைச் 'சீக்கியர்கள்' என்று ஒரே சொல்லில் மூடிவிடுகிறோம். சுல்தான்புரியிலும் மங்கோல்புரியிலும் செத்தவர்களில் ஏராளமானோர் லபானா, சிக்லிகர் சாதிகளைச் சேர்ந்த ஏழைச் சீக்கியர்கள். கட்டில் பின்னியவர்கள், இரும்பு வேலை செய்தவர்கள், ரிக்ஷா ஓட்டியவர்கள். பணக்காரச் சீக்கியனின் கடை எரிந்தது என்றால், இவர்கள் உடம்பே எரிந்தது.

கொன்றது யார்? அந்த மாதமே மக்கள் உரிமை அமைப்புகள் இரண்டு சேர்ந்து வெளியிட்ட 'குற்றவாளிகள் யார்?' அறிக்கை காங்கிரஸ் தலைவர்கள் பெயரையும் போலீஸ் நின்று வேடிக்கை பார்த்ததையும் எழுதியது. பக்கத்துக் கிராமத்து ஜாட், குஜ்ஜார்களைக் குறிப்பிட்டது. மறுகுடியமர்வுக் காலனிகளில் மாநகராட்சித் துப்புரவு வேலை பார்த்த நம் சகோதரர்களும் அந்தக் கும்பலில் பெருமளவில் இருந்தார்கள் என்றும் எழுதியது. இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. இதை அச்சில் போடவேண்டுமா என்று குழுவில் வாக்குவாதம் வந்தது. போடத்தான் வேண்டும். ஊரை விட்டுத் துரத்தி வெட்டவெளியில் கொட்டி, ரேஷன் கார்டுக்கும் மனைப் பட்டாவுக்கும் கட்சித் தாதாவின் வாசலில் நிற்க வைத்தவன், ஒருநாள் கூப்பிட்டபோது போகாமலிருக்க எத்தனை பேருக்குத் தெம்பிருக்கும்? இது விளக்கம். மன்னிப்பல்ல. எரிந்தவனும் தலித், எண்ணெய் ஊற்றியவனும் தலித், கை காட்டியவன் மட்டும் வேறு.

அப்போது அந்தத் தொகுதியின் எம்.பி. 1980இல் ஜெயித்த சஜ்ஜன் குமார். 1984 டிசம்பர் தேர்தலில் அவரை நிறுத்தவில்லை. ஆனால் 1991இல் திரும்பவும் எம்.பி. ஆனார். 2004இல் எட்டரை லட்சம் ஓட்டு வாங்கி மறுபடியும். 2018 டிசம்பர் 17 அன்றுதான் டில்லி உயர்நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. 2025 பிப்ரவரியில் தகப்பனையும் மகனையும் கொன்ற இன்னொரு வழக்கில் இன்னொரு ஆயுள் தண்டனை. முதல் தீர்ப்புக்கே முப்பத்து நாலு வருஷம். விதவைகள் கிழவிகளாகி, சிலர் செத்தும் போனபின்.

எட்டரை லட்சம் ஓட்டு எப்படி வந்தது? 2004இல் வெளி டில்லியில் 33 லட்சத்துக்கும் மேல் வாக்காளர்கள். நாட்டிலேயே மிகப் பெரிய தொகுதி. டில்லியில் ஏழு தொகுதிகள் என்றாலும் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான வாக்காளர்கள் இந்த ஒன்றில். 1976இல் தொகுதிகளை உறைய வைத்தார்கள், ஜனங்களைக் கொட்டுவதை நிறுத்தவில்லை. ஒரு ஆள் ஒரு ஓட்டு இருந்தது. ஒரு ஓட்டுக்கு ஒரே மதிப்பு என்று அண்ணல் சொன்னது இல்லை. மையத்தில் இருப்பவனின் ஓட்டுக் கனத்தில் ஒரு துண்டுதான் மங்கோல்புரிக்காரனின் ஓட்டு.

2008 மறுசீரமைப்பில் வெளி டில்லி துண்டுகளாயிற்று. கரோல்பாக் தனித்தொகுதியும் ஒழிந்தது. ஒதுக்கீடு வடமேற்கு டில்லிக்கு வந்தது. மங்கோல்புரி, சுல்தான்புரிப் பகுதி, நரேலா எல்லாம் அதில். நாற்பத்தாறு வருஷம் கழித்து ஒதுக்கீடு சேரிக்குத் திரும்பி வந்திருக்கிறதே என்று சந்தோஷப்பட்டோம். வந்த பிறகு? 2014இல் பா.ஜ.க. தன்னோடு சேர்த்துக்கொண்ட உதித் ராஜை நிறுத்தி ஜெயித்தது. 2018இல் வன்கொடுமைச் சட்டத்தை நீர்க்கச் செய்த தீர்ப்பை எதிர்த்து அவர் வாய் திறந்தார். 2019இல் சீட்டு இல்லை. பஞ்சாபிலிருந்து பாடகர் ஹன்ஸ் ராஜ் ஹன்ஸைக் கொண்டு வந்து ஜெயிக்க வைத்தார்கள். கஜ்ரோல்கரைத் தேடும் வேலை 1952இல் முடிந்துவிடவில்லை.

இன்னொரு சேதி. 2025 ஜூன் 1 அன்று டில்லி ஜங்புராவில் பாராபுல்லா கால்வாய்க்கரையில் இருந்த மதராசி கேம்ப்பை நீதிமன்ற உத்தரவின் பேரில் இடித்தார்கள். சுமார் 370 வீடுகள். பல பத்தாண்டுகளாக வீட்டு வேலையும் தினக்கூலியும் பார்த்துக் கிடந்த தமிழர்கள். 189 குடும்பங்களுக்குத்தான் மாற்று வீடு. எங்கே? பழைய வெளி டில்லியின் நரேலாவில்! வேலை பார்க்கிற வீடுகளிலிருந்து எத்தனையோ மைல் தள்ளி. தொகுதியின் பெயரை அழித்துவிட்டார்கள். அதன் வேலை மட்டும் நடந்துகொண்டிருக்கிறது.

இங்கே நம் மாநிலக் கட்சிகள் தமிழ்நாட்டுக்கு எத்தனை இடம் குறையும் என்று கவலைப்படுகின்றன. நியாயமான கவலை, நாமும் கூட நிற்கிறோம். ஆனால் இருக்கிற இடத்துக்குள் கோடு எங்கே போகிறது, எது தனி, எது பொது என்று எந்த மேடையிலும் பேச்சில்லை. திருப்பெரும்புதூர் 2004 வரை தனித்தொகுதி. கார் கம்பெனிகளும் தொழிற்பேட்டைகளும் வந்து நிலம் தங்கமான பிறகு 2009 தேர்தலில் பொதுத்தொகுதி. இரண்டுக்கும் முடிச்சுப் போட என்னிடம் சாட்சியமில்லை. கேள்வி இருக்கிறது.

மாணவத் தோழர்கள் அவரவர் தொகுதியின் 2008க்கு முந்தைய வரைபடத்தையும் இன்றைய வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்தச் சேரி எந்தப் பக்கம் தள்ளப்பட்டது, எந்த ஒன்றியத்தைத் துண்டாடினார்கள் என்று குறித்து அனுப்புங்கள். கையெழுத்து மோசமாக இருந்தாலும் பரவாயில்லை, செக்குகளில் அதைவிட மோசமானதையெல்லாம் தினம் படிக்கிறேன். அடுத்த இதழில் பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.