வில்லுக்குள்ள சென்சார்

மாமல்லபுரத்துல அர்ச்சுனன் தபசு சிற்பம் பார்த்திருப்பீங்க (பகீரதன் தபசுன்னும் சொல்வாங்க). செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழால அர்ச்சுனன் தபசைக் கூத்தா ஆடுவாங்க. அர்ச்சுனன் வேஷக்காரர் உயரமான தபசு மரத்துல பாடிக்கிட்டே ஏறுவார். எப்ப நிறுத்தணும், எப்ப அடுத்த படி வைக்கணும், எல்லாம் அவர் முடிவுதான். மிருதங்கம் அவரைப் பார்த்து வாசிக்கும்.

நாங்க போட்ட சின்ன நாடகத்துல கதை தலைகீழ். நடிகர் நாணை இழுத்து விட்டு ரெண்டு நொடி கழிச்சுத்தான் 'டங்'குன்னு சத்தம் வந்துச்சு. கூட்டம் சிரிச்சிருச்சு. சவுண்டு தம்பியைக் குத்தம் சொல்ல முடியாது, கடைசி வரிசைக்குப் பின்னாடி உட்கார்ந்திருந்தான்.

அதனால வில்லுக்குள்ளயே அசைவை அறியுற சென்சார் (கத்திரிக்கோல் சென்சார் இல்லீங்க!), ஆர்டுயினோ, சின்ன பேட்டரி வெச்சேன். நாண் அதிர்ந்தா சத்தமும் விளக்கும் உடனே வரும். முதல் ஒத்திகையில அவர் நடந்தாலே இடி இடிச்சுது! அப்புறம் பிடியில பட்டன் வெச்சு, அதை அழுத்தினா மட்டும் வேலை செய்யற மாதிரி மாத்தினேன்.

"கலையை மெஷின் கெடுத்துடும்பா"ன்னார் ஒரு பெரியவர். எனக்கு அப்படித் தோணலை. கூத்துல நேரம் நடிகர் கையில இருக்கு. மேடை நாடகத்துல அதைப் பிடுங்கிட்டோம். சென்சார் திருப்பிக் குடுத்தா நல்லதுதானே? ஆனா சவுண்டு தம்பியை மட்டும் வீட்டுக்கு அனுப்பிடாதீங்க. பேட்டரி செத்தா அவன்தான் தெய்வம்.