விற்றவனுக்குக் குறியெண் இல்லை. விழுந்தவனுக்கு எஃப் 11.20!

அமெரிக்காவில் ஒரு நோயாளி டாக்டரிடம் போய் வந்ததும் அவருடைய வியாதி ஓர் எண்ணாக மாறுகிறது. அந்த எண் இல்லாவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி பில்லுக்குப் பணம் தராது. 2015 அக்டோபர் 1 முதல் அங்கே அமலில் இருக்கும் குறியெண் புத்தகத்தில், அபினி வகை மருந்தைச் சார்ந்து வாழும் நிலைக்கு எஃப் 11.20 என்று எண் கொடுத்திருக்கிறார்கள். இந்த எண்ணை இரவும் பகலும் கம்ப்யூட்டரில் பதிப்பவர்களில் சென்னை, கோவை, திருச்சி இளைஞர்களும் இருக்கிறார்கள். மெடிக்கல் கோடிங் என்பது இன்று தமிழ்நாட்டில் பல ஆயிரம் குடும்பங்களின் பிழைப்பு. ஆகவே இது எங்கோ நடக்கும் விவகாரம் என்று நாம் ஒதுங்கி நிற்க முடியாது.

இந்த எண் யார் தலையில் விழுகிறது? அவரை அந்த நிலைக்குத் தள்ளியவர்கள் யார்?

1996-ல் பர்டூ பார்மா கம்பெனி 'ஆக்ஸிகான்டின்' மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. முதுகுவலிக்காரரும் மூட்டுவலிக்காரரும் அதன் வாடிக்கையாளர்கள் ஆனார்கள். நோயாளி மேலும் மேலும் மாத்திரை கேட்டால் என்ன செய்வது? "அது அடிமைத்தனம் அல்ல, போலி அடிமைத்தனம், வலி தீரவில்லை, டோஸைக் கூட்டுங்கள்" என்று டாக்டர்களுக்குப் பாடம் நடத்தினார்கள். 2007-ல் அதன் சகோதரக் கம்பெனி, மாத்திரையின் அபாயத்தைக் குறைத்துக் காட்டி விற்ற குற்றத்தைக் கோர்ட்டில் ஒப்புக்கொண்டது. சுமார் 60 கோடி டாலர் கட்டியது. 2020-ல் பர்டூ பார்மா மறுபடியும் குற்றவாளிக் கூண்டில் நின்று குற்றத்தை ஒப்புக்கொண்டது. ஆனால் கம்பெனியின் சொந்தக்காரர்களான சாக்லர் குடும்பத்தில் ஒருவர்கூட ஜெயிலுக்குப் போகவில்லை! மாத்திரையில் தொடங்கிய நாசம் ஹெராயினுக்கும் கள்ளச்சந்தை பென்டனிலுக்கும் பரவியது. 2021-ஆம் ஆண்டில் மட்டும் அபினி வகைப் பொருள்களால் 80,000-க்கும் அதிகமானோர் மாண்டார்கள்.

விற்கிறபோது அது 'போலி'. விற்று முடிந்த பிறகு நோயாளியின் பெயருக்கு நேரே 'சார்பு'. இது என்ன நியாயம்?

"வியாதியைத்தானே எழுதுகிறார்கள், அதில் என்ன தவறு?" என்று சிலர் கேட்கலாம். தவறு அந்த ஒரு சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டர் சொன்ன அளவு தவறாமல் பல மாதம் மாத்திரை சாப்பிட்டவர் ஒருவர். திடீரென்று நிறுத்தினால் அவருக்கு வியர்க்கிறது, குமட்டுகிறது. இது உடம்பின் இயல்பு. இன்னொருவர், வேலையும் குடும்பமும் சிதைந்த பிறகும் மருந்தை விட முடியாமல் தவிக்கிறார். அவருக்குச் சிகிச்சை வேண்டும். டாக்டர் மேற்பார்வையில் ஒழுங்காக மருந்து எடுப்பவரிடம் காணும் உடல் பழக்கத்தை நோயின் அடையாளமாகக் கணக்கிடக் கூடாது என்று 2013-ல் வந்த அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடே கூறுகிறது. நீண்ட நாள் வலி மருந்து எடுப்பவருக்கென்று இசட் 79.891 என்ற தனி எண்ணும் இருக்கிறது. ஆயினும் அவசரத்தில் டாக்டர் 'சார்பு' என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டால், இருவருமே எஃப் 11.20-ல், அதாவது மனநோய் அத்தியாயத்தில், போய் விழுகிறார்கள்.

இதில் லாபம் யாருக்கு? 'மெடிகேர் அட்வான்டேஜ்' என்ற திட்டத்தில் முதியோருக்காகத் தனியார் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு அமெரிக்க சர்க்கார் தலைக்கு இவ்வளவு என்று பணம் கொடுக்கிறது. ஏட்டில் நோய் கூடினால் பணமும் கூடும். அப்படிப் பணம் கூட்டும் எண்களில் எஃப் 11.20-உம் ஒன்று. விடுபட்ட எண்களைத் தேடிப் பழைய ஏடுகளைப் புரட்டுவதே இன்று ஒரு தனி வியாபாரம். சிகிச்சை கூடியதா என்று கேட்பார் இல்லை. எண் கூடியதா என்பதே கேள்வி!

நோயாளிக்குக் கிடைப்பது என்ன? 2018-ல் பாஸ்டன் நகரத்து நர்ஸ் ஒருவருக்கு ஆயுள் இன்சூரன்ஸ் மறுக்கப்பட்டது. அவர் செய்த குற்றம், பிறர் உயிரைக் காப்பாற்ற நாலாக்ஸோன் மருந்தை வாங்கி வைத்திருந்ததுதான். மருந்துப் பட்டியலில் ஒரு வரிக்கே இந்தக் கதி என்றால், எஃப் 11.20 என்று முத்திரை குத்தப்பட்டவர் கதி என்ன? அவர் மீண்டு எழுந்தாலும் அந்த முத்திரை தானாக மறையாது. மீண்டவருக்கான எஃப் 11.21 எண்ணைப் போட வேண்டுமானால் டாக்டர் அதைக் கைப்பட எழுதியிருக்க வேண்டும்.

"கோடர்கள் கவனமாக இருக்க வேண்டும்" என்று முதலாளிகள் உபதேசிக்கிறார்கள். கவனமாக இருக்க விடுகிறீர்களா? சந்தேகம் வந்தால் டாக்டரிடம் விளக்கம் கேட்கலாம் என்று விதி இருக்கிறது. மணிக்கு இத்தனை சார்ட் என்று டார்கெட், நூற்றுக்கு 95 சரியாக இருக்க வேண்டும் என்று கெடுபிடி, எண் விடுபட்டால் மார்க் குறைப்பு. இந்த நெருக்கடியில் எந்த இளைஞன் வேலையை நிறுத்திவிட்டுக் கேள்வி அனுப்புவான்?

குறியெண்ணே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. புப்ரெனார்பின், மெத்தடோன் சிகிச்சைக்குப் பணம் கிடைக்க எண் வேண்டும். எத்தனை பேர் தவிக்கிறார்கள் என்று கணக்கெடுக்கவும் வேண்டும். அந்த எண் உண்மையாக இருக்கட்டும் என்பதே நமது கோரிக்கை.

உடல் பழக்கம் வேறு, நோய் வேறு என்று டாக்டர் தெளிவாக எழுத வேண்டும். மீண்டவர் மீண்டார் என்று ஏட்டில் ஏற வேண்டும். கேள்வி அனுப்பும் நேரத்தையும் வேலை நேரமாகக் கணக்கிட்டுக் கோடருக்குக் கூலி தர வேண்டும்; கேட்டதற்காக மார்க் குறைக்கக் கூடாது. ஏட்டில் நோயைப் பெருக்கிப் பணம் கறக்கும் கம்பெனிகளிடமிருந்து அந்தப் பணத்தைத் திரும்பப் பிடுங்க வேண்டும்.

கோடிங் தொழிலில் இருக்கும் இளைஞர்களே! நீங்கள் பதிக்கும் ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் உங்களைப் போன்ற ஓர் உழைப்பாளி இருக்கிறார். சந்தேகம் வந்த இடத்தில் கேள்வி கேளுங்கள். தனியாகக் கேட்டால் மிரட்டுவார்கள், சேர்ந்து கேளுங்கள்!