கொத்தனார் மேல் பழி

அரசின் கம்ப்யூட்டர் திட்டம் கவிழ்ந்தால் முதல் அடி சாஃப்ட்வேர் எழுதியவருக்குத்தான். ஜிஎஸ்டி விஷயத்திலும் அதுவே நடந்தது. 2017 ஜூலை 1-ல் அமலான வரிக்குப் பெரும்பாலான பொருட்களின் விகிதங்கள் ஸ்ரீநகரில் முடிவானது மே 18, 19 தேதிகளில்தான். ஜூன் 11-ல் 66 பொருட்களுக்கு மீண்டும் மாற்றம். கூரை போடும் நேரத்தில் சமையலறையை இடம் மாற்றச் சொன்னால் கொத்தனார் என்ன செய்வார்?

திட்டம் என்னவோ பிரமாதம். விற்றவர் ஒவ்வொரு பில்லையும் அடுத்த மாதம் 10-ம் தேதிக்குள் பதிய வேண்டும். வாங்கியவர் 15-க்குள் சரிபார்க்க வேண்டும். 20-க்குள் மாதக் கணக்கு. இரண்டு பக்கமும் பொருந்தினால்தான் கட்டிய வரிக்கு வரவு. கள்ள பில்லுக்கு இடமே இல்லை - காகிதத்தில்.

ரயில்வே முன்பதிவு 1985-ல் டெல்லியில் கம்ப்யூட்டருக்கு மாறி, பிறகுதான் மற்ற நகரங்களுக்குப் பரவியது. வரியை அப்படி ஊர் ஊராக அமலாக்க முடியாதுதான். படிவங்களையாவது ஒவ்வொன்றாக இறக்கியிருக்கலாம்.

அமலுக்கு 13 நாள் முன்பு, முதல் இரண்டு மாதங்களுக்கு மட்டும் என்று ஒரு சுருக்கப் படிவத்தை ஜிஎஸ்டி கவுன்சில் அனுமதித்தது. நவம்பரில் வாங்கியவர் படிவமும் மாதக் கணக்குப் படிவமும் நிறுத்திவைக்கப்பட்டன. 'தற்காலிகம்' நிரந்தரமாகிவிட்டது. பில்லோடு பில் பொருத்தாமலே வரவு எடுக்க முடிந்ததில் போலி பில் ஆசாமிகளுக்குக் கொண்டாட்டம். இரண்டு ஆண்டாகியும் கம்ப்யூட்டர் சரிபார்த்த வரவு வரவில்லை என்று 2019-ல் தலைமைத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை சாடியது. வாங்கியவருக்கு மாதாமாதம் வரவுப் பட்டியல் தானாகவே கிடைத்தது 2020 ஆகஸ்டில்.